இரண்டாவது சிசேரியனுக்குப் பின் வயிற்றுத் தசைப் பிரிவு: 20 வாரப் பிசியோதெரபி குறித்த நிகழ்வு ஆய்வு

பிரசவமாகி மூன்று மாதம் ஆகப்போகிறது, வயிறு இன்னும் உள்ளே போகவில்லை. பாயிலிருந்து எழும்போது தொப்புளுக்கு மேலே நீளவாக்கில் ஒரு மேடு எழும்புகிறது. இடுப்பு வலிக்கிறது, தும்மினால் சிறுநீர் கசிகிறது. இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொல்லும் பெண்கள் பிசியோதெரபிப் பிரிவுக்கு அடிக்கடி வருகிறார்கள். மருத்துவப் பெயர் டயஸ்டாசிஸ் ரெக்டை. வயிற்றின் முன்பக்கம் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு நேர்வயிற்றுத் தசைகளும் நடுவில் விலகி நிற்கும் நிலை இது.

கீழே வருவது ஒரே ஒரு பெண்ணின் மருத்துவக் குறிப்பு அல்ல. இதே நிலையில் வருபவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படுவதை ஒன்றுசேர்த்து, இளம் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் இந்தப் பிரச்சினை உள்ள பெண்களுக்கும் பயன்படும்படி அமைத்த நிகழ்வு. அளவுகளும் கால வரிசையும் நடைமுறையில் எதிர்பார்க்கக்கூடியவை.

வந்தபோது இருந்த நிலை

வயது 29. திருப்பூர் பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை. நாள் முழுக்க நின்றபடி துணியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். மூத்த குழந்தைக்கு மூன்று வயது, 13 கிலோ. இரண்டாவது பிரசவமும் சிசேரியன்; முடிந்து 11 வாரம். உயரம் 154 செ.மீ., எடை 66 கிலோ, ஹீமோகுளோபின் 10.2. பிரசவத்துக்கு 4 வாரம் முன்பே 26 வார மகப்பேறு விடுப்பு தொடங்கிவிட்டதால், குழந்தை பிறந்து 22 வாரத்தில் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். அதாவது வேலைக்குத் திரும்பும் முன் சிகிச்சைக்குக் கையில் இருப்பது 11 வாரம்.

"மறுபடியும் முழுகாம இருக்கியான்னு கேக்குறாங்க" என்பதுதான் முதலில் சொன்ன குறை. மற்றவை கேட்ட பிறகே வந்தன: மூத்தவனைத் தூக்கும்போதும் குனிந்து பாத்திரம் தேய்க்கும்போதும் இடுப்பு வலி (பத்துக்கு 6); தும்மல், இருமலில் வாரத்துக்கு நான்கைந்து முறை கசிவு. சிறுநீர்க் கசிவை யாரும் தாமாகச் சொல்வதில்லை. கேட்டால் ஒழிய வெளியே வராத விஷயம் இது. முதல் நாளே, தனியாக வைத்து, நேராகக் கேட்டுவிட வேண்டும்.

இதுவரை அவர் செய்து பார்த்தவற்றில்தான் பாதி விடை இருந்தது. பத்தாம் நாளிலிருந்து வயிற்றில் பழைய புடவைத் துணியை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஆறாம் வாரத்தில் துணி போய் பெல்ட் வந்தது. நாளுக்கு 12 மணி நேரம். பத்தியம் என்று தண்ணீரும் காய்கறியும் குறைந்ததில் மலச்சிக்கல், முக்கித்தான் போக வேண்டியிருந்தது. எட்டாம் வாரத்திலிருந்து போனில் வீடியோ பார்த்து தினமும் 30 சிட்-அப், ஒரு நிமிடம் பிளாங்க் (குப்புற நிலையில் முழங்கையிலும் கால்விரலிலும் உடம்பைத் தாங்கி நிற்பது). அந்த மூன்று வாரத்தில் மேடு இன்னும் தெளிவாகத் தெரியத் தொடங்கியது என்றார்.

உள்ளே என்ன நடந்திருக்கிறது

இரண்டு நேர்வயிற்றுத் தசைகளுக்கும் நடுவே, மார்பெலும்பின் நுனியிலிருந்து இடுப்பின் முன்னெலும்பு வரை இறங்கும் இணைப்புத் திசுப் பட்டைக்கு லீனியா ஆல்பா என்று பெயர். இங்கே நடுப்பட்டை என்றே சொல்வோம். பக்கவாட்டிலிருந்து வரும் மூன்று அடுக்குத் தசைகளின் நார்களும் இதில்தான் வந்து பின்னிக்கொள்கின்றன. கர்ப்பப்பை வளர வளர இந்தப் பட்டை அகலமாகி மெலிகிறது. இது நோயல்ல, குழந்தைக்கு இடம் வேண்டும் என்பதற்காக நடப்பது. போர்ச்சுகலில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் கர்ப்பத்தின் 35-ஆம் வாரத்தில் எல்லாப் பெண்களிடமும் பிரிவு இருந்தது. பிரசவமாகி ஆறு மாதத்தில் 39 சதவீதத்தினரிடம் மட்டும் மிஞ்சியது. நார்வேயில் முதல் பிரசவப் பெண்கள் 300 பேரைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், ஆறு வாரத்தில் 60 சதவீதம், ஓராண்டு முடிவில் சுமார் 33 சதவீதம். தானாகச் சுருங்குவதில் பெரும்பங்கு முதல் எட்டு வாரங்களுக்குள் நடந்துவிடுகிறது. 11-ஆம் வாரத்தில் வருபவரிடம் "தானா சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

சிசேரியன் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. "தசையை வெட்டிட்டாங்க, அதான் வயிறு தொங்குது" என்பார்கள். வழக்கமான சிசேரியனில் தோலும் தசையின் மேலுறையும் குறுக்காக வெட்டப்படுகின்றன. நேர்வயிற்றுத் தசைகளை வெட்டுவதில்லை, நடுவில் விலக்கி வழி ஏற்படுத்துகிறார்கள். தசை முழுசாகத்தான் இருக்கிறது என்பதைப் படம் வரைந்து காட்டினாலே பல பெண்களுக்குப் பாதி பயம் போய்விடும். பயம் போனால்தான் பயிற்சியில் உடம்பு ஒத்துழைக்கும்.

பரிசோதனை

காய்ச்சல், தையலில் சீழ், அதிக உதிரப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத்திணறல் ஆகியவை இல்லை என்று உறுதி செய்த பிறகே வயிற்றில் கை வைக்க வேண்டும். அடுத்தது குடலிறக்கம். நிற்க வைத்து இருமச் சொல்லி, தொப்புளிலும் நடுப்பட்டை நெடுகிலும் விரலை வைத்துப் பார்த்ததில் உருண்டையாக எதுவும் விரலில் வந்து முட்டவில்லை. ஆனாலும் தொப்புள் வளையம் தளர்ந்திருந்ததால் ஸ்கேன் எடுக்கச் சொன்னோம், ஓட்டை இல்லை. தசைப் பிரிவில் மேடு நீளமாக, படகு கவிழ்ந்தது போல எழும், படுத்தால் மறையும், வலிக்காது. குடலிறக்கம் ஓர் இடத்தில் உருண்டையாகப் பிதுங்கும். அந்த உருண்டை உள்ளே போகாமல் நின்று, வலியும் வாந்தியும் வந்தாலோ தோல் நிறம் மாறினாலோ பிசியோதெரபிக்கு அங்கே வேலையில்லை. உடனே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும்.

இடைவெளியை அளப்பதில்தான் அதிகக் குழப்பம் நடக்கிறது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதம் தரையில் படிய இருக்க வேண்டும். மூச்சை விட்டு முடிக்கும் தருணத்தில் அளக்க வேண்டும். முதலில் தளர்ந்த நிலையில், பிறகு தோள்பட்டை எலும்பு தரையை விட்டு விலகத் தொடங்கும் அளவுக்குத் தலையைத் தூக்கச் சொல்லி. இந்த முறை தலையை மட்டும் தூக்கச் சொல்லி, அடுத்த முறை தோளையும் தூக்கச் சொன்னால் இரண்டு அளவையும் ஒப்பிட முடியாது. "போன வாரம் நாலு விரல், இப்ப மூணு விரல்" என்ற முன்னேற்றங்களில் பல, அளந்த விதத்தின் வேறுபாடே. விரலும் ஆளுக்கு ஆள் மாறும். வீட்டில் பார்த்துக்கொள்ள விரல் போதும். பதிவுக்கு வெர்னியர் காலிப்பரோ ஸ்கேனோ வேண்டும். இவரிடம் காலிப்பரில் தளர்ந்த நிலையில் தொப்புளுக்கு 3 செ.மீ. மேலே 44 மி.மீ., தொப்புளில் 48, தொப்புளுக்கு 2 செ.மீ. கீழே 22. தலையைத் தூக்கியபோது தொப்புளில் 39.

ஒப்பிட ஓர் அளவுகோல்: குழந்தை பெறாத பெண்களை ஸ்கேனில் அளந்து 2009-இல் சுவிட்சர்லாந்திலிருந்து வெளியான ஆய்வு, தொப்புளுக்கு 3 செ.மீ. மேலே 22 மி.மீ. வரையிலும், 2 செ.மீ. கீழே 16 மி.மீ. வரையிலும் இயல்பு என்றது. அதாவது யாருக்குமே இடைவெளி பூஜ்யமாக இருப்பதில்லை. "முழுசா மூடணும்" என்ற இலக்கே உடம்பில் இல்லாத ஒன்று.

அகலத்தை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வது பாதிப் பரிசோதனைதான். தலையைத் தூக்கும்போது விரல் நுனியைச் செங்குத்தாக நடுப்பட்டையில் வைத்தால், அது விரலை எதிர்த்து நிற்கிறதா, குழைந்து உள்வாங்குகிறதா என்று தெரியும். இவரிடம் இரண்டாவது கணு வரை எதிர்ப்பில்லாமல் இறங்கியது. பழைய ரப்பர் பட்டையைத் தொடுவது போல் இருந்தது. பிறகு ஒரு மாற்றம் செய்தோம்: வாயால் மெதுவாக ஊதிக்கொண்டே அடிவயிற்றை லேசாக உள்ளிழுத்து, அதன் பிறகு தலையைத் தூக்கச் சொன்னோம். அகலம் 39-லிருந்து 43 ஆகக் கூடியது. ஆனால் மேடு எழவில்லை. விரல் முதல் கணுவிலேயே நின்றுவிட்டது.

இந்த ஒரு சோதனையில்தான் முழுச் சிகிச்சையின் திசையும் இருக்கிறது. தலையைத் தூக்கினால் நேர்வயிற்றுத் தசைகள் இறுகி ஒன்றையொன்று நெருங்குகின்றன, இடைவெளி குறைகிறது. ஆனால் நடுப்பட்டை தொய்ந்து கிடப்பதால் உள்ளழுத்தம் அதை மேடாகத் தள்ளுகிறது. ஆழத்தில் குறுக்காக ஓடும் டிரான்ஸ்வெர்சஸ் தசை முதலில் வேலை செய்தால், பட்டையைப் பக்கவாட்டில் இழுத்து விறைப்பாக்குகிறது. அகலம் சற்றுக் கூடும், தொய்வு போய்விடும். ஆஸ்திரேலியாவிலிருந்து 2016-இல் வெளியான ஸ்கேன் ஆய்வு காட்டியதும் இதையே. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சுமையைக் கடத்துவதுதான் நடுப்பட்டையின் பணி. அதற்கு விறைப்பு வேண்டும். மில்லிமீட்டரை மட்டும் குறிவைத்தால் இந்தப் பணி திரும்புகிறதா என்பது கண்ணில் படாமலே போய்விடும்.

மற்றவை: மூச்சு முழுக்க மேல்மார்பில், கீழ் விலா விரிந்தே நிற்கிறது. படுத்தபடி காலை நீட்டி 20 செ.மீ. தூக்கும் சோதனையில் வலக்கால் "கனமா இருக்கு", 0 முதல் 5 வரையிலான அளவில் 3. இடுப்பெலும்பை இருபுறமும் கையால் அழுத்திப் பிடித்ததும் 1 ஆனது. தையல் தழும்பின் வலது ஓரம் அடித்திசுவோடு ஒட்டியிருந்தது. இடுப்புத்தளம் என்பது சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகள்; ஒப்புதல் பெற்றுச் செய்த இடுப்புத்தளத் தசைச் சோதனையில் பலம் 5-க்கு 2, பிடித்து நிறுத்த முடிந்தது 3 நொடி. பெல்ட் கட்டிய நிலையில் தலையைத் தூக்கச் சொன்னபோது இடுப்புத்தளம் கீழே தள்ளப்பட்டது. நடுவில் இறுக்கினால் அழுத்தம் எங்காவது போயாக வேண்டும், கீழேதான் போனது. கசிவு குறையாமல் இருந்ததற்கு இது வலுவான காரணம்.

அவருக்கு எது முக்கியம் என்று மூன்று வேலைகளைக் கேட்டுப் பத்துக்கு மதிப்பெண் போட வைத்தோம்: மூத்தவனைத் தூக்குவது 3, பாயிலிருந்து எழுவது 4, ஒரு மணி நேரம் நிற்பது 4.

முதல் இரண்டு வாரம்

இனி வரும் வாரக் கணக்கு சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து. சிட்-அப்பும் பிளாங்கும் நிறுத்தப்பட்டன. "இப்போதைக்கு" என்ற சொல்லையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாழ்நாள் தடை என்று புரிந்துகொண்டு, ஐந்து வருடம் கழித்தும் வயிற்றுக்கு எந்த வேலையும் கொடுக்காமல் இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள்.

பெல்ட்டை ஒரே நாளில் கழற்றச் சொல்லவில்லை. இடுப்புக்கு அது தந்த ஆதரவு திடீரென்று போனால் வலி கூடும். முதல் வாரம் 6 மணி நேரம், இரண்டாம் வாரம் 2 மணி நேரம், அதுவும் துணி துவைப்பது போன்ற வேலைக்கு மட்டும். உட்கார்ந்து பால் கொடுக்கும்போதும் தூங்கும்போதும் கூடாது. இரண்டு விரல் எளிதாக நுழையும் அளவுக்கே இறுக்கம். பெல்ட்டும் துணிக்கட்டும் பிரிந்த தசையை ஒட்ட வைப்பதில்லை, முதல் சில வாரங்களில் தாங்கல் தருகின்றன, அவ்வளவுதான். "கட்டலைன்னா வயிறு போட்டுடும்" என்று மாமியார் சொல்வதில் அக்கறை இருக்கிறது. அவரையும் ஒரு நாள் கூட அழைத்து வரச் சொல்லி, மேடு எழுவதையும் மூச்சோடு செய்தால் அடங்குவதையும் கண்ணால் பார்க்க வைத்தால் வீட்டில் வாக்குவாதம் மிஞ்சாது.

பயிற்சி மூச்சிலிருந்து தொடங்கியது. மல்லாந்து படுத்து முழங்கால் மடக்கி, இரண்டு கையும் கீழ் விலாவில். மூக்கால் இழுக்கும்போது விலா பக்கவாட்டில் கையைத் தள்ள வேண்டும். வாயால் 4 முதல் 5 நொடி ஊதும்போது, முதலில் சிறுநீரை அடக்குவது போல இடுப்புத்தளத்தை மேலே இழுத்து, கூடவே அடிவயிற்றை உள்ளே. முழு பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. ஒவ்வொரு முறை பால் கொடுத்து முடித்த பின் என்று சேர்த்துவிட்டால் மறக்காது. தனியாக இடுப்புத்தளத்துக்கு 3 நொடிப் பிடிப்பு 8, பிறகு வேகமாக இழுத்து விடுவது 8. பிடித்த நேரத்துக்கு இரண்டு மடங்கு ஓய்வு.

இங்கே மூன்று தவறுகள் நடக்கும். தொப்புளை முதுகெலும்போடு ஒட்ட வைப்பது போல முழு பலத்தில் உறிஞ்சினால் விலாவுக்குக் கீழே பள்ளம் விழும், அடிவயிறு வெளியே தள்ளும். மூச்சை அடக்கினால் எல்லாம் வீண். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணச் சொன்னால் அடக்க முடியாது. மூன்றாவது, "வயிற்றை எப்பவும் உள்ளே இழுத்தே வெச்சிருங்க" என்ற அறிவுரை. நாள் முழுக்க இறுக்கிய தசை தேவையான நேரத்தில் இறுகாது. இடுப்புத்தளத்துக்கும் கூடுதல் சுமை.

பயிற்சியை விட அன்றாட அசைவு அதிக முறை நடக்கிறது. இரவில் நாலு முறை குழந்தைக்கு எழுகிறார் என்றால் நாலு சிட்-அப். பாயிலிருந்து எழும் முறை: இரண்டு முழங்காலையும் மடக்கு, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களி, மேல் கையைத் தரையில் ஊன்று, ஊதிக்கொண்டே தள்ளி எழுந்து மண்டியிட்டு, பிறகு ஒரு காலை முன்வைத்து நில். தூளியில் இருந்து குழந்தையை எடுக்கும்போது நின்றபடி குனிந்து கையை நீட்டாமல், ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, குழந்தையை மார்போடு அணைத்த பிறகு எழ வேண்டும். மூத்தவன் தூக்கச் சொல்லி அழுதால் உட்கார்ந்து மடியில் ஏற்றிக்கொள்ளலாம், அல்லது அவன் ஸ்டூலில் ஏறி நின்ற பிறகு தூக்கலாம். தூக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினால் எந்தத் தாயும் கேட்கப் போவதில்லை.

மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, வாழைப்பழம், பேரீச்சை. பத்தியத்தில் தண்ணீரைக் குறைக்க எந்த அவசியமும் இல்லை. பால் கொடுக்கும் பெண்ணுக்கு வழக்கத்தை விட அதிகமாகவே வேண்டும். முக்காமல், வாயால் ஊதியபடி. முக்குவது பிளாங்கை விட மோசமான அழுத்தம். இரும்புச்சத்து மாத்திரை சிலருக்குச் சிக்கலைக் கூட்டும் என்பதால் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை மாற்றிக்கொண்டார். நிறுத்தவில்லை, ஹீமோகுளோபின் 10.2-ல் பயிற்சி செய்தால் சீக்கிரம் களைத்துவிடும். நாளுக்கு இரண்டு முட்டையும் ஒரு கிண்ணம் பருப்பும் சுண்டலும் சேர்ந்தன.

3 முதல் 6-ஆம் வாரம் வரை

மூச்சும் இழுப்பும் ஒத்துப்போனதும் கை கால் அசைவைச் சேர்த்தோம். மடக்கிய காலின் குதிகாலைத் தரையில் தேய்த்து நீட்டி மடக்குவது, பக்கத்துக்கு 10, இரண்டு சுற்று. இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ் 10, மூன்று சுற்று. நாலுகாலில் நின்று எதிரெதிர் கை காலை நீட்டுவது 6, இரண்டு சுற்று. சுவரில் கை ஊன்றித் தண்டால் 10. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10, மூன்று சுற்று. கதவுப் பிடியில் கட்டிய எலாஸ்டிக் பட்டையைப் பின்னால் இழுப்பது 12, மூன்று சுற்று. வாரத்துக்கு 4 நாள். முன்வயிற்றை மட்டும் பார்த்தால் போதாது. பிட்டத் தசையும் மேல்முதுகும் வலுவில்லாமல் இருந்தால் குழந்தையைத் தூக்கும் சுமை முழுவதும் கீழ்முதுகுக்கே போகும்.

தழும்புக்குத் தினமும் 5 நிமிடம்: முழுதாக ஆறிய தழும்பின் மேல் இரண்டு விரலை வைத்து, தோலின் மேல் வழுக்காமல் தோலோடு சேர்த்து மேல், கீழ், பக்கவாட்டில் நகர்த்துவது. வயிற்றை எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பது வேறு. அது இடைவெளியை மூடுவதில்லை.

ஐந்தாம் வாரத்தில் வீட்டில் எல்லோருக்கும் சளி. மூன்று நாள் இருமலில் மேடு பழையபடி எழுந்தது, கசிவும் திரும்பியது. செய்த உழைப்பெல்லாம் போய்விட்டது என்று அழுதார். எதுவும் கிழியவில்லை. அளந்தபோது தொப்புளில் 45. இருமலுக்கு முந்தைய வாரம் 44. களைத்த தசை வேகமாக வரும் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கவில்லை, அவ்வளவே. இருமல் வருவதற்கு அரை நொடி முன்பு இடுப்புத்தளத்தை இழுத்துப் பிடிப்பது, முடிந்தால் தலையைப் பக்கவாட்டில் திருப்பி முதுகை நேராக வைத்து இருமுவது, ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வது ஆகியவற்றைப் பழக்கினோம். பயிற்சியை ஒரு படி இறக்கி, ஒரு வாரத்தில் மீண்டும் ஏற்றினோம். இப்படி ஒரு சறுக்கல் வரும் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தால் பெண்கள் பாதியில் விட்டுவிடுவது குறையும்.

7 முதல் 12-ஆம் வாரம் வரை

இந்தக் கட்டத்தில்தான் பல சிகிச்சைகள் தேங்கிவிடுகின்றன. மூச்சுப் பயிற்சியும் குதிகால் நீட்டலுமே மாதக் கணக்கில் நடக்கும். தசைக்குச் சவால் இருக்காது. பளு இல்லாமல் பலம் வராது. நடுப்பட்டைத் திசுவும் இழுவிசை வந்தால்தான் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

தலைதூக்கும் பயிற்சியை மீண்டும் கொண்டுவந்தோம். ஊது, இழு, பிறகு தலை. 8 முறை, இரண்டு சுற்று. ஒன்பதாம் வாரத்தில் தோளும் எழுந்தது. நேர்வயிற்றுத் தசைப் பயிற்சி பிரிவைக் கூட்டிவிடும் என்ற பயத்துக்கு நார்வேயில் 70 பெண்களிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு நல்ல பதில்: 12 வாரம் தலைதூக்கலும் அரை சிட்-அப்பும் செய்தவர்களுக்கு இடைவெளி கூடவில்லை, பெரிதாகக் குறையவும் இல்லை, வயிற்றுத் தசையின் பலம் கூடியது. கூடவே மல்லாந்து படுத்து எதிரெதிர் கை காலை இறக்குவது 6, மூன்று சுற்று. முழங்காலை ஊன்றிய பக்கவாட்டுப் பிளாங்க் 15 நொடி, மூன்று முறை.

எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது? மேடு லேசாக எழுந்து, ஊதி இழுத்ததும் அடங்கினால் தொடரலாம். ஊதியும் அடங்காமல் நின்றால் அந்தப் பயிற்சியில் ஒரு படி கீழே: காலை இறக்கும் தூரத்தைக் குறைக்கலாம், ஒரு கையை மட்டும் அசைக்கலாம், நொடியைக் குறைக்கலாம். கசிவோ, கீழே ஏதோ இறங்குவது போன்ற பாரமோ வந்தால் அன்று நிறுத்த வேண்டும். மறுநாள் தசை வலி இருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

தூக்குவதைப் பயிற்சியாகவே செய்தோம். 5 கிலோ அரிசிப் பையை முழங்கால் உயர ஸ்டூலிலிருந்து 8 முறை, மூன்று சுற்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடையைக் கூட்டி 10, பிறகு 15 கிலோ, பிறகு தரையிலிருந்து. தூக்கத் தொடங்கும் கணத்தில் ஊத வேண்டும். 15 லிட்டர்க் குடம் நிறைந்தால் 15 கிலோவுக்கு மேல் என்பதால் அதுவும் கணக்கில் வந்தது. ஒரு பக்க இடுப்பில் மட்டும் வைத்துச் சுமக்காமல், பாதி நிரப்பி இரண்டு நடை. நிறைந்த கேஸ் சிலிண்டர் 30 கிலோ வரும். அதைத் தூக்க வேண்டாம், உருட்டலாம்.

11-ஆம் வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். மேஜைக்குக் கீழே 15 செ.மீ. உயரக் கட்டை போட்டு, கால் மாற்றி ஒன்றை ஏற்றிக்கொள்ளச் சொன்னோம். மணிக்கு ஒருமுறை சுவரில் 5 தண்டால். முதல் இரண்டு வாரம் வீட்டுப் பயிற்சியை வாரத்துக்கு 2 நாளாகக் குறைத்தோம். வேலை, பால், இரவு விழிப்பு எல்லாம் சேர்ந்த வாரத்தில் 4 நாள் கேட்டால் ஒரு நாளும் நடக்காது.

20-ஆம் வார முடிவில்

நேரில் வந்தது மொத்தம் 14 அமர்வு, மற்றதெல்லாம் வீட்டில். தொப்புளில் தளர்ந்த நிலையில் 48 மி.மீ. இருந்தது 31 ஆனது. தொப்புளுக்கு மேலே 44 இருந்தது 29. கீழே 22 இருந்தது 16. தலையைத் தூக்கும்போது தொப்புளில் 26. விரல் முதல் கணுவைத் தாண்டவில்லை. இடுப்பு வலி 6-லிருந்து 1. கால் தூக்கும் சோதனை 3-லிருந்து 0. இடுப்புத்தளம் 4, பிடிப்பு 9 நொடி. கசிவு கடைசி மாதத்தில் ஒரு முறை. மூத்தவனைத் தூக்குவது 3-லிருந்து 9, பாயிலிருந்து எழுவது 9, நிற்பது 8. முழு பிளாங்க் 30 நொடி, மேடு இல்லாமல்.

மில்லிமீட்டரை மட்டும் பார்ப்பவர் இவருக்கு இன்னும் பிரிவு இருக்கிறது என்றே எழுதுவார், அது சரிதான். சுருக்கத்தில் எவ்வளவு பயிற்சியால், எவ்வளவு காலத்தால் என்று ஒரே நிகழ்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. 2018-இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில் 16 வார வகுப்புப் பயிற்சிக்குப் பின்னும் பிரிவு உள்ளவர்களின் எண்ணிக்கையில் வேறுபாடு வரவில்லை. இடுப்பு வலி குறைந்ததற்கும் இடைவெளி சுருங்கியதே காரணம் என்று சொல்ல மாட்டோம். முன்பு சொன்ன 300 பேர் ஆய்வில், பிரிவு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடுப்பு வலியில் வேறுபாடு காணப்படவில்லை. பிட்டமும் முதுகும் வலுத்ததும், தூக்கும் முறை மாறியதும், மலச்சிக்கல் தீர்ந்ததும் சேர்ந்தே வலியைக் குறைத்திருக்கும்.

வயிற்றின் தோற்றம் அவர் நினைத்த அளவுக்கு மாறவில்லை. கொழுப்பும் தளர்ந்த தோலும் தசைப் பிரிவும் மூன்று வெவ்வேறு விஷயங்கள்; மூன்றாவதில் மட்டும்தான் இந்தச் சிகிச்சை கை வைத்தது. எடை 66-லிருந்து 63 ஆனது நடையாலும் சாப்பாட்டாலும். இதை முதல் வாரமே பிரித்துச் சொல்லியிருந்ததால் இறுதியில் ஏமாற்றம் பெரிதாக இல்லை.

இனி வாரத்துக்கு 2 நாள் பலப்பயிற்சி, தினமும் அரை மணி நடை. அடுத்த அளவீடு பிரசவமாகி ஓராண்டில். குறைந்தது ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்த பின்னும் நடுப்பட்டை விறைக்காமல், தூக்குவதும் நிற்பதும் முடியாமல் இருந்தாலோ, தொப்புளில் குடலிறக்கம் சேர்ந்தாலோ அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். விலகிய தசைகளை நடுவில் இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. அடுத்த கர்ப்பம் பட்டையை மறுபடி விரிக்கும் என்பதால், இனி குழந்தை வேண்டாம் என்று முடிவான பிறகே பொதுவாக அதைச் செய்கிறார்கள். இவருக்கு அந்தத் தேவை வரவில்லை.